நிலாவில் ஐந்து வெட்டுகள்: கல்லடி மொட்டை மாடியில் ஓர் ஆடி இரவு

“மாமா, வெட்டிச்சு! நிலாவுக்குள்ள வெட்டிச்சு, கண்டீங்களா?”

நான் காணவில்லை. கச்சான் காற்றில் தொலைகாட்டி ஆடாமலிருக்க முக்காலியில் மணல் பை கட்டிக்கொண்டிருந்தேன். மடிக்கணினிக்கு முன்னால் இருந்தவன் என் மருமகன், உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிப்பவன். நேரம் இரவு 7.41. மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. மேற்கே வாவிக்கு மேலே பிறை நின்றது. அதன் இருண்ட பக்கம், பூமியில் பட்டுத் திரும்பிய வெயிலில், சாம்பல் பூசியது போல மங்கலாகத் தெரிந்தது. அந்தச் சாம்பலுக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றி, அரை வினாடிக்கு மேல் நின்று அணைந்ததாகச் சொன்னான். வீடியோவைப் பின்னால் ஓட்டிப் பார்த்தோம். இருந்தது.

அன்று பதிவு செய்தது 70 நிமிடம். அதில் விண்கல் மோதல் என்று நாங்கள் நம்பியவை ஐந்து. ஒவ்வொன்றும் கடைசியில் என்னவாயிற்று என்பதை ஒன்றும் விடாமல் எழுதி வைக்கிறேன். சின்னத் தொலைகாட்டியும் கமராவும் வைத்திருக்கும் எவருக்கும் இதே ஐந்தும் வரும்.

எதைத் தேடினோம்

நிலாவுக்குப் போர்வையாகக் காற்று இல்லை. இங்கே எரிவெள்ளியாகக் கருகிப்போகும் கல், அங்கே வினாடிக்குப் பல பத்துக் கிலோமீற்றர் வேகத்தில் நேரே தரையில் விழும். விழுந்த இடம் சில ஆயிரம் பாகை வெப்பத்தில் ஒளிரும். அந்த ஒளி பெரும்பாலும் வினாடியில் பத்தில் ஒரு பங்கு கூட நிற்பதில்லை. வெயில் படும் பக்கத்தில் அது தெரியாது. பிறையின் இருண்ட பக்கத்தில்தான் பிடிக்கலாம்.

இது கற்பனையல்ல என்று உறுதியானது 1999 நவம்பர் 18இல். லியோனிட் எரிவெள்ளிப் பொழிவின்போது அமெரிக்காவில் பிரையன் கட்னிக் தொலைகாட்டியில் ஒரு வெட்டைக் கண்ணால் கண்டார். வேறோர் இடத்தில் டேவிட் டன்ஹாமின் வீடியோவிலும் அதே நேரத்தில் அதே வெட்டு இருந்தது. 2013 மார்ச் 17இல் நாசா பதிவு செய்த ஒன்று, மழைக்கடல் எனப்படும் இம்பிரியம் சமவெளியில், சுமார் 40 கிலோகிராம் கல் விழுந்தது. பின்னர் நிலாவைச் சுற்றும் விண்கலம் அங்கே 18 மீற்றர் அகலப் புதுக்குழியைப் படம் எடுத்தது. மருமகனுக்கு இந்தக் கதை மனப்பாடம்.

இதற்கு எதிர்ப்பக்கத்துக் கதையும் உண்டு. அதை அவனுக்கு நான் முன்பே சொல்லாமல் விட்டேன். 1985 மே 23இல் கிரேக்கத்தில் எடுத்த நிலாப் படமொன்றில் பிரகாசமான பொட்டு ஒன்று இருந்தது. நிலாவின் தரையிலிருந்து எழுந்த ஒளி என்று 1988இல் ஆய்விதழிலேயே வெளியானது. 1991இல் வேறு ஆய்வாளர்கள் செய்மதிகளின் பாதைகளைக் கணக்கிட்டு, அந்த நேரத்தில் அந்த ஊரிலிருந்து பார்த்தால் நிலாவுக்கு முன்னால் கடந்த, செயலிழந்த அமெரிக்க வானிலைச் செய்மதியின் மினுக்கம் அது என்று காட்டினார்கள். படித்தவர்கள், படம் கையில் இருந்தவர்கள், அவர்களுக்கே அப்படி நடந்திருக்கிறது.

அன்றைய ஏற்பாடு

ஆடி முடிய இன்னும் ஒரு கிழமை இருந்தது. பெர்சீட் எரிவெள்ளிகள் விழும் காலம். பஞ்சாங்கத்தில் உத்திரம் முடிந்து அத்தம் பிறக்கிற நாள், வளர்பிறைச் சதுர்த்தி. நிலா கன்னி ராசியில், வானத்தின் நடுக்கோட்டை, அதாவது பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே வானத்தில் ஓடும் கோட்டை, ஒட்டி நின்றது. இந்தச் சின்ன விடயம் பிறகு பெரிதாக வரும்.

தொலைகாட்டியின் ஆடி 150 மில்லிமீற்றர் அகலம், குவியத்தூரம் 750. கமரா நிறக் கமரா, 1280க்கு 960 புள்ளி, வினாடிக்கு 25 பிரேம். ஒரு புள்ளி என்பது வானத்தில் ஏறக்குறைய ஒரு விகலை, அதாவது பாகையில் 3600இல் ஒரு பங்கு. நிலா முழுவதும் சட்டத்துக்குள் அடங்காது. இருண்ட பக்கத்தையும் அதன் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் வானத்தையும் பிடித்தோம். நிலாவோடு சேர்ந்து நகர மோட்டார் உண்டு. ஆனால் அதைச் சரியாக வடக்கு நோக்க வைக்கத் துருவ நட்சத்திரம் வேண்டும். மட்டக்களப்பில் அது அடிவானத்திலிருந்து எட்டுப் பாகைக்குள்தான் நிற்கும். எங்கள் வளவில் அந்த இடத்தில் நிற்பவை தென்னைகள். ஆகவே திசைகாட்டியை வைத்து உத்தேசமாக வைத்தோம். அதனால் நிலா சட்டத்துக்குள் மெல்ல மெல்ல நழுவிக்கொண்டே இருந்தது. அன்று அது எரிச்சலாக இருந்தது. பிறகு அந்த நழுவலே எங்களுக்குச் சாட்சியாக வந்தது.

அதே நேரத்தில் அக்கரைப்பற்றில் விஞ்ஞான ஆசிரியர் ஒருவரும் தன் வீட்டிலிருந்து பதிவு செய்தார். மருமகனுக்கு அவர் சேர், எனக்குக் காக்கா, அதாவது அண்ணன். இஷாத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போக வேண்டும் என்பதால் 7.50க்கு நிறுத்திவிடுவதாக முன்பே சொல்லியிருந்தார்.

தொடங்கி ஐந்து நிமிடத்திலேயே மருமகன் ஒரு தடவை கத்தினான். இருண்ட பக்கத்தில் ஓரிடம் நின்று ஒளிர்கிறதாம். அது அரிஸ்டார்க்கஸ் குழி. நிலாவில் மிகவும் வெளிறிய இடங்களில் ஒன்று, பூமியொளியிலும் தனித்துத் தெரியும். 1787இல் வில்லியம் ஹெர்ஷலே நிலாவின் இருண்ட பக்கத்தில் எரிமலைகள் என்று அறிவித்தபோது கண்டது இந்த மாதிரி வெளிச்சத்தைத்தான் என்று இன்று கருதப்படுகிறது. அணையாமல் நிற்பது எங்கள் கணக்கில் வராது, அதோடு அதை விட்டோம்.

7.41

அரை வினாடிக்கு மேல் நின்ற அந்தப் புள்ளி கோப்பர்நிக்கஸ் குழியின் பக்கத்தில் இருந்தது. 15 பிரேம்கள். எல்லா நிறத்திலும் வெள்ளை. நட்சத்திரத்தைப் போல உருண்டை. கமராவின் பழுதென்று சொல்ல இடமே இல்லை. நானும் நம்பினேன்.

ஒன்பது மணிக்குப் பிறகு காக்கா தொழுகை முடிந்து வந்து தன் பதிவைப் பார்த்தார். 7.41க்கு அவருடையதிலும் இருந்தது! மருமகன் நிலத்தில் நிற்கவில்லை. இரண்டு ஊர், இரண்டு தொலைகாட்டி, ஒரே நேரம். பள்ளிக்கூட நண்பர்களுக்கெல்லாம் அன்றிரவே செய்தி அனுப்பிவிட்டான்.

காக்கா தன் படத்தை அனுப்பியது மறுநாள் காலை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் நெஞ்சு இறங்கியது. எங்கள் படத்தில் கோப்பர்நிக்கஸின் பக்கத்தில் இருந்த புள்ளி, அவருடைய படத்தில் அதற்கு வடக்கே, மழைக்கடலுக்குள் இருந்தது. இடைவெளி நிலாவின் விட்டத்தில் ஏழில் ஒரு பங்கு.

நிலாவின் தரையில் விழுந்த கல், கல்லடியிலிருந்து பார்த்தாலும் அக்கரைப்பற்றிலிருந்து பார்த்தாலும் அதே குழியின் பக்கத்தில்தான் தெரியும். இடம் மாறினால் அந்த ஒளி நிலாவுக்கு இப்பால் உள்ளது. ஒரு கையை நீட்டிப் பெருவிரலை ஒற்றைக் கண்ணால் பார்த்து, அப்புறம் மற்றக் கண்ணால் பார்த்தால் விரல் சுவரில் இடம் மாறுவது இதே காரியம்தான். அக்கரைப்பற்று எங்களுக்குத் தெற்கே இருப்பதால், நிலாவுக்கு முன்னால் நிற்கும் பொருள் அங்கிருந்து பார்க்கையில் வடக்கே தள்ளித் தெரிய வேண்டும். அப்படித்தான் தள்ளியிருந்தது.

“எவ்வளவு தூரத்தில நிண்டிருக்கும் எண்டு பார், மனே” என்றேன். அவன் பேசாமல் கொப்பியை எடுத்தான். இரண்டு இடத்துக்கும் இடையில் வடக்குத் தெற்காக 55 கிலோமீற்றர். புள்ளி மாறியது 260 விகலை. அந்த 55 கிலோமீற்றருக்கு நிலாவே 30 விகலை இடம் மாறித் தெரியும், அதையும் கூட்ட வேண்டும். உயர்தர மாணவனுக்கு இது ஐந்து நிமிடக் கணக்கு. விடை 39,000 கிலோமீற்றர் அளவில் வந்தது.

அந்த எண்ணைக் கண்டதும் இருவருக்கும் விளங்கிவிட்டது. பூமியோடு சேர்ந்து சுற்றி, வானத்தில் அசையாமல் நிற்பது போலத் தெரியும் புவிநிலைச் செய்மதிகள் நடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கின்றன. மேற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து 24 பாகை உயரத்தில் பார்த்தால் தூரம் 39,000க்குக் கொஞ்சம் மேலே வரும். எங்கள் ஊரிலிருந்து அந்தச் செய்மதி வளையம் வான நடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகைக்கும் குறைவாகத் தெற்கே தள்ளித் தெரியும். அன்று நிலா நடந்துகொண்டிருந்தது அந்த வளையத்தின் மீதேதான். அதற்குமேல், 7.41க்கு நிலா நின்ற இடம் கிழக்கு நெடுங்கோடு 20க்கும் 30க்கும் இடைப்பட்ட செய்மதிகளின் இடம். ஐரோப்பாவுக்கும் அரபு நாடுகளுக்கும் தொலைக்காட்சி அனுப்புபவை நெருக்கமாக நிற்கும் பகுதி அது.

காக்காவின் படம் கிடைக்காமல் போயிருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியும். விடை எங்கள் வீடியோவுக்குள்ளேயே இருந்தது, நாங்கள் பார்க்கவில்லை. 15 பிரேமையும் ஒன்றன் மேல் ஒன்றாக, நிலாவின் குழிகள் பொருந்தும்படி அடுக்கினான். புள்ளி நிற்கவில்லை, எட்டுப் புள்ளி தூரம் கிழக்கே நகர்ந்திருந்தது. நிலா மேற்கே இறங்குகிறது, செய்மதி அசையாமல் நிற்கிறது. ஆகவே நிலாவைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் செய்மதி வினாடிக்குச் சுமார் பதினாலரை விகலை வேகத்தில் கிழக்கே போவது போலத் தெரியும். அந்த வேகம் அப்படியே பொருந்தியது.

அதற்குப் பிறகு அவன் தானாகச் செய்த வேலைதான் எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்தது. அந்த நகர்வுக் கோட்டை நீட்டி, அதன் வழியே அடுத்த ஒன்றரை நிமிடத்துப் பிரேம்களைத் தேடினான். 47 வினாடி கழித்து, கோட்டின் மேலேயே, 660 புள்ளி தள்ளி, இன்னொரு மங்கல் வெட்டு. அது இருந்த இடம் நிலாவின் இருண்ட விளிம்பைத் தாண்டி, வெறும் வானம். கைவிடப்பட்ட செய்மதிகள் உருண்டுகொண்டே மிதக்கும். அவற்றின் தட்டையான பக்கம் ஏதாவது சூரியனை எங்கள் பக்கம் திருப்பும் ஒவ்வொரு தடவையும் இப்படி வெட்டும்.

நண்பர்களுக்கு மறுசெய்தி அனுப்ப அவன் தயங்கினான். நான் வற்புறுத்தவில்லை. பின்னேரம் அவனே இரண்டு படத்தையும் சேர்த்து அனுப்பினான்.

மற்ற நான்கு

70 நிமிடம் என்றால் 1,05,000 பிரேம்கள், 130 ஜிபிக்குக் கிட்ட. வெளிச்சம் திடீரெனக் கூடும் பிரேம்களை மென்பொருள் பொறுக்கித் தரும். தந்ததில் அரைவாசி காற்று தொலைகாட்டியை உலுக்கிய பிரேம்கள். இன்னும் பல, மேற்கே மலைநாட்டுப் பக்கம் எங்கோ அடித்த மின்னல், சட்டம் முழுவதும் வெளுத்திருக்கும். நாற்பது ஐம்பது புள்ளி நீளத்துக்குக் கோடாக விழுந்த ஒன்று தாழப் பறக்கும் செய்மதியின் துண்டு. நிலா நழுவ நழுவச் சட்டத்தில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தவை கமராவின் பழுதுப் புள்ளிகள். நிலாவை மோட்டார் சுத்தமாகப் பிடித்திருந்தால் இவையும் நிலாவில் ஒட்டிய புள்ளிகளாகவே தெரிந்திருக்கும்.

மிஞ்சியவற்றில் 7.18க்கும் 7.33க்கும் வந்தவை ஒரே பிரேமில் மட்டும் தெரிந்த கூர்மையான பொட்டுகள். முதலாவதைப் பெரிதாக்கினோம். ஒற்றைச் சதுரம், அதாவது கமராவின் ஒரே ஒரு புள்ளி, பச்சை. பக்கத்துச் சதுரங்கள் எல்லாம் கறுப்பு. தொலைகாட்டியின் வழியாக வந்த எந்த ஒளியும் இப்படி ஒற்றைச் சதுரத்தில் அடங்காது. காற்றின் கலக்கம் அதை மூன்று நான்கு சதுரத்துக்குப் பரப்பிவிடும், பச்சை, சிவப்பு, நீலம் மூன்றிலும் விழும். ஒரு சதுரம் மட்டும் எரிந்தால் அடி நேரே சென்சரில் விழுந்திருக்கிறது. அடித்தது மியூவோன், விண்வெளிக் கதிர்கள் மேல்வளியில் மோதிப் பிறக்கும் துகள். கடல் மட்டத்தில், கிடையாக வைத்த ஒரு சதுர சென்ரிமீற்றரில் நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அது விழுந்துகொண்டே இருக்கிறது. எங்கள் சென்சர் அதில் ஆறில் ஒரு பங்கு. 70 நிமிடத்தில் பன்னிரண்டு. சென்சர் நிமிர்ந்து நின்றதால் பாதி என்று வைத்தாலும் ஆறு. முழுச் சட்டத்தையும் தேடியபோது கிடைத்தவை ஏழு. ஐந்து நிலாவின் இருண்ட பக்கத்துக்கு வெளியே கிடந்தன. அவற்றை யாரும் மோதல் என்று நினைக்கவில்லை, இருண்ட பக்கத்தில் விழுந்த இரண்டை மட்டும் நினைத்தோம்.

7.52க்கு வந்தது அழகானது. நிலாவின் இருண்ட விளிம்பில், மிகச் சரியாக ஓரத்தில், ஒரு வினாடிக்குச் சற்று மேல் ஒளிர்ந்து அணைந்தது. நகரவில்லை. மூன்று நிறமும் இருந்தன. செய்மதியும் இல்லை, மியூவோனும் இல்லை. அதன் பிரகாசத்தைப் பிரேம் பிரேமாக வரைபடம் போட்டோம். பத்துப் பிரேமில் மெல்ல மெல்ல ஏறி, கொஞ்சம் நின்று, ஒரே பிரேமில் சட்டென்று அற்றுப்போனது. விண்கல் மோதல் இதற்கு நேர் எதிர், சட்டென்று எழும், அப்புறம் தணியும். தலைகீழான அந்த வரைபடத்தைப் பார்த்தபடி கன நேரம் இருந்தோம். பிறகு மருமகன் அதே நிமிடத்தில் பூமியொளியும் மங்கியிருப்பதைக் கண்டான். மெல்லிய முகில் ஒன்று கடந்துகொண்டிருந்தது. விளிம்புக்கு அருகே ஒரு நட்சத்திரம் முகிலுக்குள் மறைந்து இருந்திருக்கிறது. முகில் விலகியதும் தெரிந்தது, ஒரு வினாடியில் நிலா அதன் மேல் ஏறிவிட்டது. நட்சத்திரம் வெறும் புள்ளி, ஆகவே நிலா மறைக்கும்போது ஒரேயடியாக அணையும்.

வான வரைபட மென்பொருளில் பார்த்தால் நேரம் ஒரு நிமிடத்துக்கு மேல் பிழைத்தது. அதில் ஊர் கொழும்பு என்று இருந்தது. மட்டக்களப்பு என்று மாற்றியதும் 7.52க்கே வந்து நின்றது. நிலா அவ்வளவு கிட்ட இருக்கிறது. ஊரைப் பிழையாகக் கொடுத்துவிட்டு “அங்கே நட்சத்திரமே இல்லை, இது மோதல்தான்” என்று முடிவுகட்டிவிடுவது மிகவும் சுலபம்.

கடைசியாக 8.04. ஒரே பிரேம். மூன்றுக்கு மூன்று சதுரம் பரவிய வட்டப் பொட்டு, அன்று பதிவான நட்சத்திரங்களின் பருமனே இதற்கும். மூன்று நிறத்திலும் உண்டு, சிவப்பு கூட. மோதல் ஒளி சிவப்புப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். ஆனால் சுமார் 18 பாகை உயரத்துக்கு இறங்கிவிட்ட நிலாவில் எல்லாமே கொஞ்சம் சிவந்துதான் தெரியும். அந்த இடத்தில் மென்பொருள் காட்டும் நட்சத்திரம் இல்லை. ஒரே பிரேம் என்பதால் நகர்ந்ததா என்று அளக்க வழியில்லை. மெதுவாக நகரும் செய்மதியும் அந்த 40 மில்லிவினாடியில் அரைப் புள்ளி அளவுதான் நகரும். முன்னும் பின்னும் கோடு போட்டுத் தேடினோம், ஒன்றும் இல்லை. இரண்டாவது கண் வேண்டும். அக்கரைப்பற்றில் பதிவு 7.50க்கே நின்றுவிட்டது.

1953 நவம்பர் 15இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் லியோன் ஸ்டுவர்ட் எடுத்த ஒற்றைப் படம் இப்படித்தான் அரை நூற்றாண்டுக்கு மேல் விவாதத்தில் கிடந்தது. 2003இல் அதற்குரிய குழியைக் கண்டதாக ஓர் ஆய்வு வந்தது. அந்தக் குழி 1953க்கு முந்திய படத்திலேயே இருப்பதை வேறு பலர் காட்டினார்கள். நாசா அலபாமாவில் ஒரே நிலாவை இரண்டு தொலைகாட்டிகளால் பார்த்து வந்ததும், கிரேக்கத்தின் கிரியோனெரியில் 2017இல் தொடங்கி 1.2 மீற்றர் தொலைகாட்டியின் ஒளியை இரண்டு கமராக்களுக்குப் பிரித்து அனுப்பியதும் இதற்காகத்தான். மியூவோன் இரண்டு சென்சரில் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் அடிக்காது. செய்மதியை விலக்க மட்டும் ஊர்கள் தூரமாக இருக்க வேண்டும்.

மருமகன் 8.04ஐ எப்படியாவது மோதல் என்று எழுதலாமா என்று இரண்டு நாள் என்னோடு வாதாடினான். வாதம் நல்ல வாதம். குறிப்பேட்டில் “உறுதியில்லை, ஒரு பிரேம், ஒரு இடம்” என்று அவன் கையாலேயே எழுதினான். பேனையை அழுத்திய அழுத்தத்தில் பின்பக்கத்துத் தாளிலும் பதிந்திருக்கிறது.

ஆவணிப் பிறைக்கு ஏற்பாட்டை மாற்றினோம். இரண்டு கணினியின் கடிகாரமும் தொடங்குமுன் ஒன்றாக்கப்பட்டன. காக்கா தன் மகனைத் தொலைகாட்டியில் இருத்திவிட்டுத்தான் பள்ளிக்குப் போனார். கல்லடியில் 95 நிமிடம், அக்கரைப்பற்றில் 90. கச்சான் அன்று அடங்கியிருந்தது, பூமியொளி கடைசிவரை தெளிவாக நின்றது. இரண்டு நாள் இருந்து எல்லாப் பிரேமையும் பார்த்து முடித்த பிறகு மருமகன் எழுதிய வரி இது: “மியூவோன் 9. செய்மதி 1, இரண்டு ஊரிலும், இடம் வேறு. நட்சத்திர மறைப்பு 2. மோதல் 0.”